கம்ப்யூட்டரிலேயே ஓடும் ஆறு இலக்கக் கோட்: வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிட வேண்டுமா?

பனியன்கணக்கு

வணக்கம். திருப்பூரில் காதர்பேட்டைக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, சின்னச் சின்ன பனியன் கம்பெனிகளுக்குக் கணக்கும் ஏற்றுமதிக் காகிதமும் பார்த்துக் கொடுக்கிறேன். பதினொரு பார்ட்டி. என்னையும் சேர்த்து மூன்று பெண்கள், இரண்டு கம்ப்யூட்டர். எனக்கு டேலி தெரியும், எக்செல் தெரியும், மெயில் தெரியும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அதனால் கேள்வி கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தீபாவளிக்கு முந்தின வாரம் மோட்டார் தண்ணீர் எடுக்கிறதா என்று சம்ப்புக்குள் எட்டிப் பார்த்தேன். இடுப்பில் செருகியிருந்த போன் உள்ளே போய்விட்டது. போன் போனது பெரிதில்லை. புது போனில் அதே சிம்மைப் போட்டதும் எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி எல்லாம் பழையபடி வந்துவிட்டது. ஆனால் ஆதென்டிகேட்டர் ஆப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் கோட் இருக்கிறதே, அது வரவில்லை. ஆப்பைத் திறந்தால் காலி. ஒரு வெளிநாட்டு பையருடைய (சரக்கு வாங்குகிறவருடைய) சப்ளையர் போர்ட்டலில் பேக்கிங் லிஸ்ட் ஏற்ற வேண்டும், அது கோட் கேட்கிறது, கோட் சம்ப்பில் இருக்கிறது. அவர்கள் உதவி மையத்துக்கு மெயில் போட்டு, பாஸ்போர்ட் காப்பி அனுப்பி, திறந்து கொடுக்க ஒன்பது நாள் ஆயிற்று. பெட்டி கட்டி முடித்த சரக்கோடு நின்ற பார்ட்டி அந்த ஒன்பது நாளில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

அப்புறம் எங்கள் அண்ணன் பையன் (கோவையில் இன்ஜினியரிங் படிக்கிறான்) வந்து க்ரோமில் ஆதென்டிகேட்டர் எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்) ஒன்றைப் போட்டுக் கொடுத்தான். பிரவுசரின் மேல் மூலையில் சின்னதாக ஒரு சதுரம். அமுக்கினால் எல்லாக் கணக்குகளின் கோடும் வரிசையாக வரும். வேண்டியதைத் தொட்டால் காப்பி ஆகிவிடும். இதைவிட வசதி கிடையாது. நான் பேங்கில் நின்றாலும் கல்யாணப் பந்தியில் இருந்தாலும் "அக்கா, கோட் சொல்லுங்க" என்று ஆபீசிலிருந்து போன் வருவது நின்றது.

போன மாதம் கம்ப்யூட்டரில் எஸ்எம்பிஎஸ் (உள்ளே மின்சாரம் கொடுக்கும் பெட்டி) போய்விட்டது. சர்வீஸ் தம்பி எடுத்துக்கொண்டு போய் மாற்றிவிட்டு, கடையிலிருந்து போன் செய்தான். "அக்கா, ஆன் ஆயிருச்சுங்க. க்ரோம் திறந்து பாத்தேன், நெட்டும் வருதுங்க. மேல என்னமோ ஒரு பொட்டியாட்டம் இருந்துச்சு, அமுக்குனா நம்பரா ஓடுதுங்க. வைரஸுங்களா?"

ஏழு வருடமாகத் தெரிந்த பையன். தப்பு செய்கிறவனாக இருந்தால் என்னிடம் கேட்டிருக்கவே மாட்டான். ஆனால் போனை வைத்த பிறகுதான் உறைத்தது. பாஸ்வேர்டு எல்லாவற்றையும் க்ரோமே ஞாபகம் வைத்திருக்கிறது. கோடும் அதே க்ரோமில். விண்டோஸுக்குப் பாஸ்வேர்டே கிடையாது. பதினொரு பார்ட்டியின் குடுமியையும் ஒரு பெட்டியில் வைத்து சர்வீஸ் கடைக்கு அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு இரவு தூங்கவில்லை.

இன்னும் இரண்டு விஷயம் குழப்புகிறது. கம்ப்யூட்டர் திரும்பி வந்த முதல் இரண்டு நாள் எந்தக் கோடைப் போட்டாலும் தப்பு என்றே வந்தது. மூன்றாம் நாள் தானாகச் சரியாகிவிட்டது. யாராவது உள்ளே எதையாவது மாற்றியிருப்பார்களோ? இன்னொன்று, பயத்தில் நெட் வயரைப் பிடுங்கிவிட்டுப் பார்த்தேன், அப்போதும் கோட் மாறிக்கொண்டேதான் இருந்தது. நெட்டே இல்லாமல் யார் அனுப்புகிறார்கள்?

இந்த எக்ஸ்டென்ஷனை வைத்துக்கொள்ளலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராத்திரிஷிப்ட்

இதில் கேள்வியே இல்லை. எக்ஸ்டென்ஷனை இன்றைக்கே தூக்குங்கள். பாஸ்வேர்டுக்கு மேல் இந்தக் கோடையும் கேட்கும் இரட்டைப் பூட்டில், இரண்டாவது பூட்டு என்பதே வேறு ஒரு பொருளில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான். போனில் மட்டும் வையுங்கள்.

நொய்யல்கரை

அக்கா, ராத்திரிஷிப்ட் சொல்வது முழுக்கத் தப்பில்லை. ஆனால் போனில் மட்டும் வைத்ததால்தானே ஒன்பது நாள் நின்றீர்கள்? மேலே உள்ள பதில் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை.

முதலில் நெட் வயர் சந்தேகம். யாரும் எதையும் அனுப்புவதில்லை. முதல்முறை கியூஆர் கோடைக் காட்டி ஆப்பில் சேர்த்தீர்கள் அல்லவா, அந்தக் கட்டத்துக்குள் ஒரு ரகசிய எழுத்துச் சரம் இருக்கிறது. அதில் ஒரு காப்பி அந்த நிறுவனத்திடம், ஒரு காப்பி உங்களிடம். இரண்டு பேரும் இப்போது மணி என்ன என்று பார்க்கிறார்கள். 1970 ஜனவரி 1 முதல் எத்தனை 30 விநாடி கழிந்தது என்று எண்ணி, அந்த எண்ணை ரகசியச் சரத்தோடு சேர்த்து அரைக்கிறார்கள். வருவதில் ஆறு இலக்கத்தை எடுத்துக்கொள்கிறார்கள். ஒரே பஞ்சாங்கம் இரண்டு வீட்டில் இருந்தால் ராகுகாலம் எப்போது என்று போன் போட்டுக் கேட்க வேண்டியதில்லை, அதே கதைதான். 2011-இல் ஆர்எஃப்சி 6238 என்ற இணையத் தொழில்நுட்ப ஆவணமாக இந்த முறையை வெளியிட்டார்கள். எல்லா ஆப்பும் எல்லா எக்ஸ்டென்ஷனும் அதைத்தான் செய்கின்றன, அதனால்தான் எதில் போட்டாலும் ஒரே கோட் வருகிறது.

இப்போது அந்த இரண்டு நாள் கதை. எஸ்எம்பிஎஸ் மாற்றி வந்த பிறகு கீழே மூலையில் கடிகாரத்தைப் பார்த்தீர்களா? நான் பந்தயம் கட்டுகிறேன், சில நிமிடம் பின்னால் போயிருக்கும். மதர்போர்டில் ஒரு ரூபாய்க் காசு மாதிரி ஒரு பேட்டரி இருக்கும், மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது வலுவிழந்தால் நேரம் பிசகும். கோடைச் சரிபார்க்கும் பக்கம் வழக்கமாக முந்தின 30 விநாடிக் கோடையும் மன்னித்து ஏற்கும், அதற்கு மேல் பெரும்பாலும் பொறுக்காது. நாலு நிமிடம் பிசகினால் அத்தனையும் தப்புதான். பிறகு விண்டோஸ் இணையத்தோடு நேரத்தைச் சரிபார்த்திருக்கும், தானாகச் சரியாகியிருக்கும். பெரும்பாலும் நீங்கள் சொல்லும் எக்ஸ்டென்ஷனின் மெனுவிலேயே கூகுளின் நேரத்தோடு கடிகாரத்தை ஒத்துப் பார்க்கும் வசதி இருக்கும். அதோடு, அந்தப் பேட்டரியை மாற்றச் சொல்லுங்கள்.

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். எக்ஸ்டென்ஷனா போனா என்பது இரண்டாம் பட்சம். அந்த ரகசியச் சரம் எங்கெங்கே கிடக்கிறது என்பதுதான் விஷயம். கோட் 30 விநாடியில் செத்துவிடும். சரம் சாகாது. அதை ஒருமுறை பார்த்தவர் தன் போனில் சேர்த்துக்கொண்டால், நீங்கள் மாற்றும்வரை அவரும் உங்களுக்குச் சமம்.

உங்கள் எக்ஸ்டென்ஷனில் பாஸ்வேர்டு போடும் இடம் இருக்கும். அண்ணன் பையன் அதைப் போட்டிருக்க மாட்டான் என்றே நினைக்கிறேன். போடாவிட்டால் சரங்கள் எல்லாம் பிரவுசரின் கோப்புறையில் பூட்டாமல் கிடக்கும். போட்டால் பூட்டி வைக்கும், பிரவுசரை மூடித் திறக்கும்போது கேட்கும். சர்வீஸ் தம்பி மாதிரி உட்கார்ந்து பார்க்கிறவருக்கு அது போதும். ஓசியில் இறக்கிய ஏதாவது சாப்ட்வேரோடு வந்த திருட்டு நிரலுக்குப் போதாது. அது பிரவுசர் கோப்புறையை அப்படியே அள்ளிக்கொண்டு போகும், நீங்கள் தட்டும் பாஸ்வேர்டையும் சேர்த்து.

மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. எக்ஸ்டென்ஷனே கெட்டுப்போவது. இவை நம்மைக் கேட்காமலே புதுப் பதிப்புக்கு மாறிக்கொள்ளும். கிரேட் சஸ்பெண்டர் என்று ஒன்று, லட்சக்கணக்கானோர் வைத்திருந்தார்கள். எழுதியவர் 2020-இல் வேறு யாருக்கோ விற்றுவிட்டார், வாங்கியவர் விஷத்தைச் சேர்த்தார், 2021 பிப்ரவரியில் கூகுள் அதைத் தூக்கியது. 2024 கிறிஸ்துமஸ் சமயத்தில் சைபர்ஹேவன் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் எக்ஸ்டென்ஷனுக்கே இது நடந்தது. க்ரோம் கடையிலிருந்து வருவதுபோல ஒரு போலி மெயில், ஊழியர் ஒருவர் ஒரு செயலிக்கு அனுமதி கொடுத்துவிட்டார், உள்ளே வந்தவர்கள் கெட்ட பதிப்பை ஏற்றிவிட்டார்கள். அந்த ஊழியர் கணக்கில் இரட்டைப் பூட்டு போட்டுத்தான் இருந்தது என்பது வேடிக்கை. அனுமதி கொடுக்கும் இடத்தில் அது கோடே கேட்கவில்லை.

நீங்கள் வைத்திருப்பது மூலநிரல் வெளிப்படையாக உள்ள ஆதென்டிகேட்டர் என்றால் அது நல்ல பெயர் உள்ளதுதான். அதே மாதிரிப் பெயரும் படமும் வைத்துக்கொண்டு வேறு சிலவும் திரிகின்றன. எது என்று ஒருமுறை பாருங்கள்.

விரலோசை

"இன்றைக்கே தூக்குங்கள்" என்று சொன்ன நண்பருக்கு ஒரு வார்த்தை. நான் பார்வையற்றவன். வீட்டில் கம்ப்யூட்டரை என்விடிஏ வாசித்துக் காட்டும், போனை டாக்பேக் வாசித்துக் காட்டும். போனில் கோட் பார்க்க வேண்டுமென்றால், திறந்து, தடவித் தடவி அந்தக் கணக்கைத் தேடி, அது "நாலு, ஏழு, ஏழு" என்று சொல்வதைக் கேட்டு, மனதில் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டருக்குத் திரும்பித் தட்ட வேண்டும். நடுவில் குக்கர் விசில் அடித்தால் போச்சு. அதற்குள் புதுக் கோட் வந்திருக்கும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதுவும் டாக்பேக் உரக்கச் சொல்லும். பஸ்ஸில் இருந்தால் முன் சீட்டுக்காரருக்கும் என் கோட் தெரியும்.

எக்ஸ்டென்ஷனில் டேப் பொத்தானை மூன்று நாலு முறை அமுக்கினால் அந்தக் கணக்கு, என்டர் அடித்தால் காப்பி, கட்டத்தில் ஒட்டினால் முடிந்தது. எட்டு விநாடி. இது இல்லாவிட்டால் பாதி இடத்தில் நான் இரட்டைப் பூட்டையே அணைத்துவிட்டிருப்பேன். அது இதைவிட மோசமில்லையா?

நான் செய்வது இதுதான். விண்டோஸுக்கு ஒரு பின் (PIN) நம்பர், எக்ஸ்டென்ஷனுக்குத் தனிப் பாஸ்வேர்டு, க்ரோமில் எந்தப் பாஸ்வேர்டும் சேமிப்பதில்லை. மெயின் மெயில் கணக்கை மட்டும் இதில் வைக்கவில்லை, ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும் மீட்கும் வழி அதன் வழியாகத்தான் போகிறது.

ராத்திரிஷிப்ட்

விரலோசை சார், நான் அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை. மன்னிக்கவும். சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அக்காவின் ஆபீசில் மூன்று பேர் இரண்டு கம்ப்யூட்டரில், அது வேறு கேஸ்.

பனியன்கணக்கு

எல்லோருக்கும் நன்றி. நொய்யல்கரை தம்பி, பந்தயத்தில் ஜெயித்துவிட்டீர்கள். அந்த இரண்டு நாளில் போட்ட டேலி பேக்கப்பின் நேரத்தைப் பார்த்தேன். மின்சாரம் போய் யுபிஎஸ் கத்தியபோது சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து, அது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் உடனே பேக்கப் போடச் சொன்னதே நான்தான். பேக்கப்பில் பதினொன்று ஐந்து என்று இருக்கிறது. ஒரு காசு பேட்டரிக்காக நான் அந்தப் பையன் மேல் சந்தேகப்பட்டது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. பேட்டரி மட்டும் மாற்றச் சொன்னேன்.

பாஸ்வேர்டு போட்டிருக்கவில்லை என்பதும் சரி.

ஒரு சந்தேகம். சர்வீஸுக்குப் போய் வந்ததால் இப்போது பாஸ்வேர்டு போட்டால் போதுமா? இல்லை, எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டுமா? அப்புறம், என் பெண்கள் இருவருக்கும் கோட் தேவைப்படுகிறது. நான் இல்லாத நேரத்தில் வேலை நிற்கக் கூடாது. போன் மட்டும் என்றால் பழையபடி "கோட் சொல்லுங்க" கதைதான்.

சேலத்துமாம்பழம்

ஆத்தி (Authy) என்ற ஆதென்டிகேட்டர் ஆப்பின் கம்ப்யூட்டர் பதிப்பை நம்பிக்கொண்டிருந்தவன் நான். 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டார்கள். அதிலிருந்து சரங்களை வெளியே எடுக்கவும் வழி இல்லை, ஒவ்வொரு கணக்காகப் போய் மறுபடி சேர்த்தேன், பத்தொன்பது கணக்கு. அதற்குப் பிறகு கீபாஸ்எக்ஸ்சி, கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் நிரல். இலவசம், ஒரே ஒரு கோப்பு, அதற்கு ஒரு பெரிய பாஸ்வேர்டு, பென்டிரைவில் ஒரு காப்பி. கோடும் அதிலேயே ஓடும். பாஸ்வேர்டுகளுக்கு ஒரு கோப்பு, கோடுகளுக்கு வேறு கோப்பு என்று பிரித்து வைத்திருக்கிறேன். முதல் வாரம் எரிச்சலாக இருக்கும்.

நொய்யல்கரை

அக்கா, கண்டிப்பாகப் புதிதாகச் செய்ய வேண்டும். அந்தப் பையனை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் கடையில் எத்தனை பேர் அந்த மேசையைக் கடந்தார்கள் என்று அவனுக்கும் தெரியாது. இப்போது போடும் பாஸ்வேர்டு இனிமேல் பார்ப்பவரைத் தடுக்கும், ஏற்கெனவே பார்த்தவரிடம் இருக்கும் சரத்தை ஒன்றும் செய்யாது. எக்ஸ்டென்ஷனை நீக்கினாலும் அதே. ஒவ்வொரு கணக்கிலும் உள்ளே போய், ஆதென்டிகேட்டரை மாற்று என்று கொடுத்துப் புதுக் கியூஆர் வாங்குங்கள். அப்போதுதான் பழைய சரம் செல்லாக் காசு ஆகும். அதோடு பாஸ்வேர்டையும் மாற்றுங்கள், க்ரோமில் சேமித்தவற்றை அழியுங்கள்.

புதுக் கியூஆர் திரையில் இருக்கும்போதே இரண்டு போனில் பிடியுங்கள். வீட்டில் சிம் இல்லாத பழைய போன் ஒன்று கிடக்குமே, அதில் ஒன்று. நெட் வேண்டாம், நேரம் சரியாக இருந்தால் போதும். அடுத்த முறை சம்ப்புக்குள் ஒன்று போனாலும் இன்னொன்று பீரோவில் இருக்கும். கூகுள் ஆதென்டிகேட்டரில் 2023 ஏப்ரலுக்குப் பிறகு கூகுள் கணக்கிலேயே காப்பி வைக்கும் வசதியும் வந்திருக்கிறது. அதைப் போட்டிருந்தால் போன தீபாவளிக்குத் தப்பித்திருப்பீர்கள். ஆனால் அப்போது எல்லாச் சரமும் அந்த ஒரு கூகுள் கணக்கை நம்பி நிற்கும். எனக்குப் பழைய போன் முறைதான் பிடிக்கும்.

கேமரா பிடிக்காவிட்டால் கியூஆருக்குக் கீழே சரத்தையே காட்டச் சொல்லலாம், கையால் தட்டலாம். ஆங்கில எழுத்துகளும் 2 முதல் 7 வரையுள்ள எண்களும் மட்டும்தான் அதில் வரும். பூஜ்யம், ஒன்று, எட்டு, ஒன்பது கிடையாது. வட்டமாகத் தெரிந்தால் அது "ஓ"தான், பயப்படாதீர்கள்.

பெண்கள் விஷயத்துக்கு உங்கள் தொழிலிலேயே பதில் இருக்கிறது. சரக்கு அனுப்ப ஆன்லைனில் எடுக்கும் இ-வே பில்லுக்கு என்ன செய்தீர்கள்?

பனியன்கணக்கு

அட. ஆமாம். 2025 ஏப்ரல் 1 முதல் எல்லோருக்கும் இரட்டைப் பூட்டு கட்டாயம் என்று ஆனபோது, ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி சப்-யூசர் போட்டு அவரவர் நம்பரைப் பதிந்தோம். அவரவருக்கே ஓடிபி வருகிறது. சிக்னல் இல்லாதபோது என்ஐசி-ஜிஎஸ்டி-ஷீல்டு ஆப்பில் பார்த்துப் போடுகிறார்கள். அதில் ஒருவர் கோட் இன்னொருவருக்குத் தேவையே இல்லை. பையர் போர்ட்டலில் மட்டும் நான்தான் ஒரே யூசர், ஏனென்றால் முதலில் அப்படிப் பதிந்துவிட்டோம், அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது. இன்னொரு யூசர் கேட்க முடியும் என்றே தோன்றவில்லை.

விரலோசை

கேளுங்கள் அம்மா. பெரும்பாலும் கொடுப்பார்கள். யார் எதை ஏற்றினார்கள் என்று அவர்களுக்கும் தெரியும், ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவர் கணக்கை மட்டும் மூடலாம்.

இன்னொன்று. ஆப்போ எக்ஸ்டென்ஷனோ, இந்த ஆறு இலக்கம் போலிப் பக்கத்தைத் தடுக்காது. போலிப் பக்கத்தில் நீங்களே கோடைத் தட்டினால், அவன் அந்த 30 விநாடிக்குள் அசல் பக்கத்தில் போட்டுவிடுவான். பாஸ்கீ (பாஸ்வேர்டும் கோடும் தட்டாமல் உங்கள் போனோ கம்ப்யூட்டரோ திறந்துவிடும் சாவி) கொடுக்கும் இடங்களில் அதை வாங்கிக்கொள்ளுங்கள். அது இணையப் பக்கத்தின் முகவரி மாறினால் வேலையே செய்யாது. எனக்கும் அது வரம், தட்டவே வேண்டாம், கைரேகை வைத்தால் முடிந்தது.

பனியன்கணக்கு

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். போன சனிக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தோம். எட்டுக் கணக்கு. ஒரு மணி நேரம் என்று நினைத்தது, விளக்கு வைக்கும் நேரமாகிவிட்டது.

என் பழைய போனின் கேமரா கீறல் விழுந்தது, கியூஆரைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. சரி என்று கையால் தட்டினேன். நாலு நாலு எழுத்தாக எட்டுக் கொத்து. சின்னவள் திரையைப் பார்த்துச் சொல்ல, நான் தட்ட. மூன்றாவது கொத்தில் அவள் "பூஜ்யம்" என்றாள். நான் "இருக்காது, ஓ" என்றேன். "நல்லாப் பாருங்கக்கா, பூஜ்யம்தான்" என்று அடம். "இதில் பூஜ்யமே கிடையாது கண்ணு" என்று சொன்னபோது, அவள் என்னைப் பார்த்த பார்வைக்காகவே நொய்யல்கரை தம்பிக்கு ஒரு டஜன் பனியன் அனுப்பலாம். இரண்டு போனிலும் ஒரே கோட் ஒரே நேரத்தில் மாறியதைப் பார்த்து மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தோம்.

ஆபீஸ் மெயிலை எக்ஸ்டென்ஷனிலிருந்து எடுத்துவிட்டேன், விரலோசை சார் சொன்ன காரணத்துக்காக. அதற்குப் பாஸ்கீயும் போட்டாயிற்று. அதன் பேக்கப் கோட் (போன் இல்லாதபோது ஒருமுறை போட்டு உள்ளே போகும் கோட்) பத்தும் அச்செடுத்து, வீட்டில் பீரோவில் நிலப் பத்திரத்தோடு வைத்திருக்கிறேன். பழைய போனும் அங்கேதான். எக்ஸ்டென்ஷனை முழுக்க எடுக்கவில்லை. கூரியர் கணக்கும் லேபிள் அச்சடிப்பவரின் கணக்கும் மட்டும் அதில் இருக்கிறது, அதற்குத் தனிப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறேன். அவற்றில் யார் நுழைந்தாலும் என் லேபிள் அளவு தெரியும், அவ்வளவுதான். விண்டோஸுக்கும் ஆளுக்கொரு பாஸ்வேர்டு. அதை மானிட்டரில் ஒட்டக்கூடாது என்று பெரியவளிடம் இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் எழுத வந்தது வேறு. டவுன்லோட்ஸ் கோப்புறையைச் சுத்தம் செய்யும்போது, பழைய பேக்கப் கோடுகள் பேக்கப் கோட்ஸ் என்ற பெயரோடேயே அங்கே கிடந்தன, போன வருடத்திலிருந்து. அதை அழித்தேன். அடுத்து வாட்ஸாப். அண்ணன் பையன் எக்ஸ்டென்ஷன் போட்ட அன்று "அத்தை, இதை ஸ்கேன் பண்ணி போன்லயும் வெச்சுக்கோங்க" என்று ஒவ்வொரு கியூஆரையும் படம் பிடித்து அனுப்பியிருக்கிறான். எட்டுப் படம். நடுவில் பொங்கல் வாழ்த்து. கேலரியிலும் இருக்கிறது, போட்டோக்கள் தானாகக் கூகுளுக்குப் போகும் இடத்திலும் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குப் பூட்டு போட்டேனே தவிர, சாவிகளைப் படம் எடுத்து வாழ்த்து அட்டையோடு வைத்திருந்திருக்கிறேன். எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நன்றி எல்லோருக்கும்.

நொய்யல்கரை

பனியன் எக்ஸ்எல் அக்கா.

கேலி இருக்கட்டும். எட்டில் பையர் போர்ட்டலையும் மாற்றிவிட்டீர்களா? அதைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே.

பனியன்கணக்கு

அது ஒன்றுதான் பாக்கி. அதில் நாமாகப் புதுக் கியூஆர் வாங்க வழி இல்லை, உதவி மையம்தான் செய்ய வேண்டும். வெள்ளிக்கிழமை மெயில் போட்டேன், கூடவே இரண்டு பெண்களுக்கும் தனி யூசர் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

நொய்யல்கரை

அப்படியென்றால் அந்தப் பழைய சரம் இன்னும் உயிரோடு இருக்கிறது. உங்கள் வாட்ஸாப்பில் அழித்தீர்கள். அனுப்பியவன் போனில்?

பனியன்கணக்கு

கூப்பிட்டுக் கேட்டேன். இருக்கிறதாம். எட்டும் இருக்கிறதாம். "எதுக்கும் இருக்கட்டும்னு வெச்சேன் அத்தை" என்கிறான். ஹாஸ்டலில் அந்த போனின் லாக் நம்பர் நாலு பேருக்குத் தெரியுமாம். இப்போது அவன் அழித்துக்கொண்டிருக்கிறான், நான் வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.